ஸ்வெட்ரு பக்கம் பாருங்கள், அண்ணி

அக்ரா
8 பிப்ரவரி 1993

அன்பு ஜிஃபா,

உன் அண்ணனைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசி வரைக்கும் அதையே தேடிக்கொண்டு படிப்பாய்.

வந்து மூன்று நாளாகிறது. பஸ் கம்பெனி டிப்போவில் அவருடைய பழைய சிநேகிதர் டோகா எனக்குப் படுக்க ஒரு மூலை கொடுத்திருக்கிறார். போட்டோவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பஸ் நிலையமாகப் போகிறேன். டிக்கெட் பரிசோதகராக இருபத்தெட்டு வருஷம் அலைந்த மனிதர், அவருக்கு நினைவு தப்பினாலும் அவர் முகம் யாருக்காவது தெரியாமலா போகும் என்று நினைத்தேன். தெரியத்தான் தெரிகிறது. "இன்ஸ்பெக்டர் செனியோவா? டிக்கெட் இல்லாம ஏறினேன்னு என்னை நடு ரோட்டுல இறக்கி விட்ட மகராசனாச்சே!" என்று சிரிக்கிறார்கள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால், ஆறேழு வருஷம் இருக்கும் என்கிறார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி, மனநல ஆஸ்பத்திரி, பிணவறை எல்லாம் ஆயிற்று. பிணவறைக்காரர் நல்ல மனிதர். துணியை விலக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும், "அம்மா, மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோங்க" என்றார். ஏழு தடவை பிடித்தேன். இருபது வருஷம் ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்தவள், ஒவ்வொருவருக்கும் துணியைத் திரும்ப இழுத்து மூடிவிட்டு வந்தேன்.

கிளம்பும்போது நீ கேட்டாயே, அண்ணனைப் போல நீங்களும் வழியில் பார்ப்பதை எழுதுங்கள் என்று. உனக்கு அவர் எழுதிய கடிதங்களை நான் படித்ததே இல்லை, தெரியுமா? வாசலைத் தாண்டி வெகுதூரம் போக முடியாத தங்கைக்குப் பக்கம் பக்கமாக எழுதுவார். எனக்கு வருவது ஒரே வரி: "வந்து சேர்ந்தேன். வெள்ளைச் சட்டை ஒன்று அனுப்பு." எனக்கு அப்படியெல்லாம் எழுத வராது. ஆனாலும் கண்ணுக்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் எனக்கே புத்தி பேதலித்துவிடும் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

இன்று காலை ரொட்டி விற்கும் பெண் ஒருத்தி, தலையில் தட்டோடு பஸ் ஜன்னலுக்குள் ரொட்டியை நீட்டினாள். வாங்கியவர் காசை எடுப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அவள் கத்தவில்லை, திட்டவில்லை. தட்டு ஆடாமல் பின்னாலேயே ஓடினாள். ஐம்பது அடி தள்ளி ஜன்னலிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் வந்து விழுந்தது. குனிந்து எடுத்து, எண்ணிக்கூடப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். எங்கேயோ போகிற யாரோ ஒருவர் தன்னை ஏமாற்ற மாட்டார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கு அழுகையாக வந்தது.

தபால் நிலைய வாசலில் ஒருவர் எடை பார்க்கும் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சும்மா ஏறி நின்றேன். "போன மாசத்துக்கு இப்ப எவ்வளவு குறைஞ்சிருக்கீங்க?" என்றார். போன மாதம் நான் யாராக இருந்தேன் என்றே மறந்துவிட்டது, ஜிஃபா.

தயவுசெய்து இன்னொரு தடவை யோசித்து எழுது. அன்று காலை வாசலைத் தாண்டி அவர் எந்தப் பக்கம் திரும்பினார்? நீலச் சட்டை போட்டிருந்தார் என்றாய். அந்தச் சட்டை கொல்லைக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

உன் அண்ணி,
எசெனம்

—

ஹோ
12 பிப்ரவரி 1993

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் ஜிஃபா வணக்கத்துடன் எழுதுவது. டிரைவர் கையில் நீங்கள் கொடுத்தனுப்பிய கடிதம் நேற்று கிடைத்தது. ரொட்டிக்காரியை மூன்று தடவை படித்தேன். எழுத வராது என்று பொய் சொல்லாதீர்கள்.

சட்டை நீலமாக இல்லாமல் இருக்கலாம். பழுப்பாக இருந்திருக்கும். அடுப்படியில் இருந்தேன், சரியாகப் பார்க்கவில்லை. கீழே, சந்தைப் பக்கம் திரும்பியதாகத்தான் ஞாபகம். இதையே மறுபடி மறுபடி கேட்காதீர்கள் அண்ணி, எனக்குத் தலை சுற்றுகிறது.

இங்கே எல்லாம் அப்படியேதான். நீங்கள் வைத்த வெண்டை காய்க்க ஆரம்பித்துவிட்டது. பறிக்க மனமில்லாமல் முற்ற விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ் ஆள் அனுப்பினார்கள். மார்ச் கடைசிக்குள் நீங்கள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? குமாசிக்குப் போகப் போவதாக டிரைவர் சொன்னார். அவ்வளவு தூரம் எதற்கு? மேற்கே கடற்கரைப் பாதையில், வின்னேபா, ஸ்வெட்ரு பக்கம் ஒருமுறை பாருங்களேன். ஏனோ என் மனதில் அப்படித்தான் படுகிறது. ஸ்வெட்ரு பக்கம் பாருங்கள், அண்ணி.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்,
ஜிஃபா

—

குமாசி
20 பிப்ரவரி 1993

அன்பு ஜிஃபா,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே நான் குமாசி பஸ் ஏறிவிட்டேன். ஸ்வெட்ருவில் அவருக்கு யார் இருக்கிறார்கள், சொல்? அந்தப் பாதையில் ஒருநாளும் அவருக்கு டியூட்டி இருந்ததில்லை. குமாசி, டமாலே, இந்த இரண்டு பெயரும்தான் இப்போதும் அவர் வாயில் வரும். மனதில் படுகிறது, மனதில் படுகிறது என்றால் நான் எந்த ஊர் என்று போவேன்? எனக்கு இருப்பது இரண்டு கால்.

கோபித்துக்கொண்டு எழுதவில்லை. களைப்பு.

இன்று சனிக்கிழமை. ஊரே சாவு வீட்டுக்குப் போகும் சிவப்பிலும் கறுப்பிலும் நடக்கிறது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு முடிதிருத்தும் கடை. பாதி வெட்டும்போது கரண்டு போய்விட்டதாம். ஒருவர் பாதித் தலையோடு எழுந்து போய், தக்காளி விலை கேட்டு, மீன் வாங்கி, யாரோடோ சண்டையும் போட்டுவிட்டு, கரண்டு வந்ததும் திரும்ப வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. பதினைந்து நாளில் முதல் தடவை. சிரித்து முடித்ததும் உன் அண்ணனுக்குத் துரோகம் செய்துவிட்டது போல இருந்தது.

அப்புறம்தான் அவரைப் பார்த்தேன். அதே நடை. இடது தோளைக் கொஞ்சம் தூக்கி, பஸ் ஆடும்போது கம்பியைப் பிடிக்காமல் நடப்பாரே, அந்த நடை. பழுப்புச் சட்டை. நீ எழுதிய அதே பழுப்பு. கூடைகளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். யாருடையதோ வெங்காயத்தைக் கொட்டிவிட்டேன். "கண்ணு அவிஞ்சு போச்சா கிழவி?" என்று பின்னால் சத்தம். நான் நிற்கவில்லை. துணிக்கடைச் சந்து, செருப்புக்கடைச் சந்து, ரயில் தண்டவாளம் வரைக்கும் ஓடி, கையைப் பிடித்து இழுத்தேன்.

வேறு ஆள். அவர் கையை உதறவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரைம்மா தேடறீங்க?" என்றார். சொன்னேன். மரத்தடியில் உட்கார வைத்து, தண்ணீர்ப் பை ஒன்று வாங்கி, முனையைக் கடித்துத் திறந்து கையில் கொடுத்தார். "நான் அவரா இருந்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

அந்தப் பழுப்புச் சட்டை உனக்கு நிச்சயம்தானே? அதை நம்பித்தான் ஓடுகிறேன்.

நாளை மறுநாள் டமாலேக்குக் கிளம்புகிறேன்.

உன் அண்ணி,
எசெனம்

—

ஹோ
27 பிப்ரவரி 1993

அன்புள்ள அண்ணிக்கு,

டமாலே வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். அங்கே இப்போது புழுதிக் காற்று, உங்களுக்கு மூச்சிரைக்கும். திரும்பி வந்து கடற்கரைப் பாதையைப் பாருங்கள். இங்கே சர்ச்சில் ஒரு அம்மாள், அந்தப் பக்கம் அவரைப் போல ஒருவரைப் பார்த்ததாகச் சொன்னாள். பெயர் கேட்கவில்லை. அவளுக்கும் நிச்சயமாகத் தெரியாது.

நான் சரியாகத் தூங்கிப் பல நாளாகிறது. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எழுத்தில் வரமாட்டேன் என்கிறது. இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நீங்கள் நேரில் வந்தால் சொல்லிவிடுவேன்.

சட்டையை நம்பி ஓடாதீர்கள், அண்ணி. எனக்குச் சட்டை ஞாபகமே இல்லை.

ஜிஃபா

—

டமாலே
9 மார்ச் 1993

அன்பு ஜிஃபா,

உன் கடிதம் குமாசி டிப்போவில் கிடந்து, இங்கே வந்து சேர இத்தனை நாள். நீ சொன்னது சரி, புழுதிதான். காலையில் எழுந்தால் உதட்டில் மண். சந்தைக்காரி ஒருத்தி பார்க்கப் பொறுக்காமல் தன் டப்பாவிலிருந்து ஷியா வெண்ணெயை எடுத்துத் தானே என் வாயில் தடவிவிட்டாள். காசு நீட்டினேன். "உதட்டுக்கெல்லாம் காசா?" என்றாள்.

ரேடியோவில் இரண்டு நாள் சொல்ல வைத்தேன். ஒருவர் வந்தார். காலேஜ் பக்கம் ஒரு மனிதர் தனியாகப் பேசிக்கொண்டு திரிகிறார், உயரமானவர் என்றார். சைக்கிள் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். முதலில் திட்டுவதா, முதலில் கட்டிக்கொள்வதா? அங்கே இருந்தவர் ஒரு வாலிபர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவரைத் தேட யாரும் வரவில்லையாம். எனக்காகக் கொண்டுபோன சோற்றுப் பொட்டலத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

நடந்து திரும்பும்போது, சைக்கிளில் ஒருவர் கண்ணாடி வைத்த அலமாரிக் கதவைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். தெருவெல்லாம் அந்தக் கண்ணாடியில் பின்னோக்கிப் போனது. ஆடு, மோட்டார் சைக்கிள் ஓட்டும் பெண்கள், கெட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கால் கழுவும் கிழவர். அதில் ஒரு பொம்பளை. புழுதி படிந்த முகம், வாய் திறந்தபடி. யார் இந்தப் பிச்சைக்காரி, என்னையே பார்க்கிறாளே என்று நினைத்தேன். நான்தான்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், ஜிஃபா. எழுந்திருக்க முடியவில்லை. போக இன்னும் எந்த ஊர் பாக்கி? இருக்கிற எல்லா ஊரிலும் அவர் இல்லை. ராத்திரி அவர் எங்கே படுக்கிறார், யார் சோறு போடுகிறார்கள், மழை வந்தால் ஒதுங்கத் தெரியுமா, இதையெல்லாம் நினைக்காமல் ஒரு நிமிஷம் ஓட்ட முடியவில்லை.

யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். பெரியம்மா சாகக் கிடக்கிறாள் என்று நான் கேட்டா ஊருக்குக் கிளம்பினேனே, அன்று காலை உன் அண்ணன் என் பையைப் பிடுங்கிக்கொண்டு, "டிக்கெட் எங்கே? டிக்கெட் இல்லாம போக விடமாட்டேன்" என்று வாசலை மறித்தார். நேரமாகிவிட்டது. "நீ எங்கேயாவது போய்த் தொலை, எனக்கு விடுதலை கிடைக்கட்டும்" என்று கத்தினேன். முப்பது வருஷத்தில் அவரை நான் ஒருமையில் பேசியது அதுதான். அப்புறம் கேட்டாவில் பெரியம்மா பக்கத்தில் பாயைப் போட்டு, யாரும் எழுப்பாமல் இரண்டு வாரம் நன்றாகத் தூங்கினேன். சந்தோஷமாக இருந்தது. நான் சொன்ன சொல்தான் அவரைத் துரத்திவிட்டது. இந்தப் பாவத்தை எந்த ஊரில் போய் இறக்குவேன்?

எசெனம்

—

ஹோ
16 மார்ச் 1993

அண்ணி,

நீங்கள் துரத்தவில்லை. நான்தான் அனுப்பினேன்.

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். இந்தக் கடிதத்தை டோகா அண்ணனே நேரில் கொண்டுவந்து தருவார்.

நீங்கள் கேட்டா ஊருக்குப் போன மறுநாள் சர்ச் பெண்கள் கூட்டத்துக்கு ஒரு தீர்க்கதரிசி வந்திருந்தார். அண்ணனைப் பற்றிச் சொல்லி அழுதேன். "மருந்துக்கு அடங்காது மகளே. மந்திரக் கட்டுப் போட்டவ வீட்டுக்குள்ளயே இருக்கா. பிள்ளை பெறாத வயிறு புருஷனோட புத்தியைத்தான் தின்னும்" என்றார். நான் அவரைத் திட்டிவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. உங்களைப் பற்றி அப்படி ஒரு நினைப்பு எனக்குள்ளும் எங்கேயோ இருந்திருக்கிறது. நீங்கள் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே, நீங்கள் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போதே இருந்திருக்கிறது. வின்னேபா பக்கம் நோயாளிகளை வைத்து ஜெபிக்கும் தன் ஜெபத் தோட்டத்தில் நாற்பது நாள் விட்டால் குணமாகும், மனைவிக்கு மட்டும் தெரியக்கூடாது என்றார். பெரியம்மா காரியமெல்லாம் முடிந்து நீங்கள் திரும்பி வரும்போது பழைய அண்ணனாக வாசலில் நிற்பார், எல்லாரும் சந்தோஷப்படுவோம் என்று நினைத்தேன்.

ஜனவரி பதினாறாம் தேதி, சனிக்கிழமை, வேன் வந்தது. அண்ணன் ஏற மாட்டேன் என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அண்ணா, பஸ் வந்தாச்சு, டியூட்டிக்கு நேரமாச்சு" என்றேன். உடனே தொப்பியைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டார். என் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வேன் வரைக்கும் கூடவே போனேன். ஏறி உட்கார்ந்து, "நீ வரலையா?" என்றார். "பின்னாலயே வரேன்" என்றேன்.

பத்து நாள் கழித்து ஆள் வந்து, கட்டை உடைத்துக்கொண்டு ஓடிவிட்டார் என்று சொன்னான். கட்டு என்றால் என்ன என்று அப்போதுதான் கேட்டேன். மரக்கட்டையில் சங்கிலி. ஸ்வெட்ரு போகும் ரோட்டில் பார்த்தார்களாம். அதுவரை அண்ணனுக்குக் காய்ச்சல், உள்ளே படுத்திருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தேன். அன்று காலைதான் வாசலைத் தாண்டிப் போனதாக எல்லாருக்கும் சொன்னேன். கேட்டாவுக்கு ஆள் அனுப்பி உங்களுக்கும் சொன்னேன்.

ஒவ்வொரு கடிதத்திலும் ஸ்வெட்ரு, கடற்கரைப் பாதை என்று எழுதினேன். ஏன் என்று மட்டும் எழுதத் தைரியம் வரவில்லை. ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுதாமல் உங்களை டமாலே வரைக்கும் அலைய விட்டேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அண்ணனைக் கண்டுபிடியுங்கள்.

ஜிஃபா

—

ஸ்வெட்ரு
29 மார்ச் 1993

ஜிஃபா,

கண்டுபிடித்துவிட்டேன். உயிரோடு இருக்கிறார்.

டமாலேயிலிருந்து இரண்டு நாள் பயணம். ஜன்னலில் என்னென்னவோ போயின. எதையும் பார்க்கவில்லை. அதனால் உனக்கு எழுத ஒன்றும் இல்லை.

முதலில் ஜெபத் தோட்டத்துக்குப் போனேன். மாமரங்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒருவர். ஒரு பெண் சங்கிலியோடு உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். பொறுப்பாளர், "உங்க ஆளு தானா போயிட்டாரும்மா, நாங்க என்ன பண்றது?" என்றார். அவரை அடிக்கத்தான் கை ஓங்கினேன். அந்தப் பெண் சீப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். கை தானாக இறங்கிவிட்டது.

ஸ்வெட்ரு பஸ் நிலையத்தில் போட்டோவை எடுக்க வேண்டியே இருக்கவில்லை. நான் இறங்கும்போது பின்னாலிருந்து, "டிக்கெட்" என்று குரல்.

தாடி. ஆள் பாதியாகிவிட்டார். தலையில் யாரோ கொடுத்த பழைய தொப்பி. நான் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த பெண் என் முழங்கையை இடித்து, "ஏதாவது ஒரு காகிதத்தைக் குடும்மா, ஐயா பார்த்துட்டுத் தந்துடுவாரு" என்றாள். கையில் உன் கடிதம்தான் இருந்தது. அதைக் கொடுத்தேன். கவனமாகப் பார்த்தார். மூலையில் கொஞ்சம் கிழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உக்காருங்க அம்மா, கூட்டம் அதிகம்" என்றார்.

அந்தப் பெண்ணின் பெயர் எஃபுவா. சோளமாவுக் கெங்கியும் பொரித்த மீனும் விற்கிறாள். இரண்டு மாதமாக அவருக்குச் சோறு அவள்தான். வந்த புதிதில் டிரைவர்கள் கேலி செய்து விரட்டினார்களாம். அப்புறம் ஒருநாள் ஒரு பஸ்ஸில் ஏறி, டயரில் காற்றில்லை, போகக்கூடாது என்று மறித்தாராம். பார்த்தால் உண்மையாகவே இல்லை. அன்றிலிருந்து அவர் "போகலாம்" என்று சொன்னால்தான் பஸ் எடுக்கிறார்கள். பிரயாணிகள் லாட்டரிச் சீட்டு, பிஸ்கட் காகிதம், சர்ச் நோட்டீஸ் என்று எதையாவது நீட்டுகிறார்கள். எல்லாவற்றையும் பார்த்து, மூலை கிழித்துத் தருகிறார். இந்த ஊரில் ஒருவரும் அவரை ஏமாற்றவில்லை.

வலது கணுக்காலில் சங்கிலி வெட்டிய இடம் எலும்பு வரைக்கும் போயிருக்கிறது. எஃபுவா உப்புத் தண்ணீர் ஊற்றித் துணி கட்டி வைத்திருந்தாள், அதனால் உயிர் பிழைத்தார். இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து, அழுகியதை வெட்டி எடுத்தார்கள். இன்னும் பத்து நாள் தாமதித்திருந்தால் கால் போயிருக்கும் என்றார் டாக்டர். டமாலேக்குப் போய்வர எனக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று நீயே பார்த்துக்கொள்.

என்னை நர்ஸ் என்கிறார். உன் பெயரைத்தான் அடிக்கடி சொல்கிறார். "ஜிஃபா பின்னாலயே வரேன்னா, இன்னும் காணோம். ஒத்தையில வர்றா, கால் வேற சரியில்ல" என்று ஒவ்வொரு பஸ்ஸிலும் எட்டிப் பார்க்கிறார்.

நீ வராதே. நான் ஹோவுக்குத் திரும்பப் போவதில்லை. ஆஸ்பத்திரி வேலை போனால் போகட்டும். வீட்டில் நீ இருந்துகொள். நீ செய்ததை அங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

எசெனம்

—

அக்ரா, பஸ் நிலையம்
8 ஏப்ரல் 1993

அண்ணி,

வராதே என்ற உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் வருகிறேன். இந்தச் சீட்டை முன்னால் போகும் ஸ்வெட்ரு டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், திடீரென்று என்னைப் பார்த்து நீங்கள் அதிர்ந்துபோகக் கூடாது என்று.

நாற்பத்து நாலு வயதில் முதல் தடவை ஊரைத் தாண்டியிருக்கிறேன். ஈஸ்டர் கூட்டம். என்னை யாரோ இரண்டு பேர் மூட்டையைப் போலத் தூக்கி பஸ்ஸில் வைத்தார்கள். ஆற்றுப் பாலத்தின் மேல் வரும்போது, ஒரு தாய் தூங்கும் குழந்தையின் கண்ணில் வெயில் படாமல் தன் உள்ளங்கையை விரித்துப் பிடித்தபடியே வந்தாள். பாலம் முடிந்தும் கையை எடுக்கவில்லை. அண்ணன் பார்த்திருந்தால் எனக்கு எழுதியிருப்பார். நானே பார்த்துவிட்டேன். பார்த்ததும் சந்தோஷமாக இல்லை. இத்தனை வருஷம் இதையெல்லாம் எனக்காகப் பொறுக்கிச் சேர்த்தவரையா அந்த வேனில் ஏற்றினேன்?

மன்னிப்புக் கேட்க வரவில்லை. தாளில் எழுதி ஒளிந்துகொண்டதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அண்ணன் என்னைத் தேடுகிறார் என்று எழுதியிருந்தீர்களே, "வந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்ல வேண்டும். அப்புறம் விரட்டினால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன்.

பஸ் நிறைந்துகொண்டிருக்கிறது. கூப்பிடுகிறார்கள்.

ஜிஃபா

—

ஸ்வெட்ரு
25 ஏப்ரல் 1993

ஜிஃபா,

நீ போய் இரண்டு வாரமாகிவிட்டது. இங்கே இருந்த மூன்று நாளும் உன்னிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எஃபுவாதான் உனக்குச் சாப்பாடு போட்டாள், பாய் விரித்தாள். பஸ் ஏறும்போது, "மறுபடி எப்போ வரட்டும் அண்ணி?" என்றாய். அதற்கும் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

உன்னைத் திட்ட நிறையச் சொற்கள் சேர்த்து வைத்திருந்தேன். டமாலே புழுதியிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. நீ பஸ்ஸிலிருந்து இறங்கி, கோலை ஊன்றிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சை நோக்கி வந்தாய். அவர் நிமிர்ந்து உன்னைப் பார்த்தார். நாளெல்லாம் உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், எழுந்து ஓடி வருவார் என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகக்கூட இருந்தது. ஆனால் அவர் என்ன செய்தார்? கட்டுப் போட்ட காலை மெல்ல இழுத்துப் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டார். நீ "அண்ணா, வந்துட்டேன்" என்றாய். டிக்கெட்கூடக் கேட்கவில்லை. காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

நீ அதைப் பார்த்தாய். நீ பார்த்ததை நானும் பார்த்தேன். அந்த இடத்திலேயே உட்கார்ந்து நீ அழுத அழுகைக்கு அப்புறம் நான் சேர்த்து வைத்த எதுவும் தேவைப்படவில்லை. எல்லாம் அப்படியே போய்விட்டது. மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. திட்ட ஒன்றும் மீதம் இல்லை, அவ்வளவுதான்.

எனக்கு இங்கே ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை கிடைத்திருக்கிறது. எஃபுவா வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை. மழை பிடித்துவிட்டது. காலையில் நானே கட்டு மாற்றிவிட்டு அவரை நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறேன். புண்ணின் ஓரம் சிவந்து, நல்ல தசை வளர்கிறது. எனக்குக் காலை நீட்டுகிறார். நர்ஸ் என்றுதான் இன்னும் கூப்பிடுகிறார், பரவாயில்லை.

நேற்று ஒரு கிழவர் கைத்தடியோடு பஸ்ஸுக்கு வந்தார். சிமெண்டுத் தரையில் அது தட்டும் சத்தம் தூரத்தில் கேட்டதுமே உன் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கிழவர் ஏறி உட்கார்ந்த பிறகும் வெகுநேரம் அந்த பஸ்ஸுக்கு "போகலாம்" சொல்லவில்லை. டிரைவர் காத்திருந்தார்.

உன் பெயர் தெரியும். உன் முகம் தெரியாது. ஆனால் வேன் வரைக்கும் கூட வந்த அந்தச் சத்தத்தை அவர் உடம்பு மறக்கவில்லை.

அந்தச் சத்தம் கேட்டும் அவர் காலை இழுத்துக்கொள்ளாத ஒரு நாள் வந்தால், நானே ஹோவுக்கு வந்து உன்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வருகிறேன். இது சத்தியம். அதுவரை வராதே. வழியில் பார்த்ததையும் எழுதாதே, அதைப் படிக்கும் தெம்பு இப்போது எனக்கு இல்லை.

அந்த நாள் வராமலே போனால், ஜிஃபா, இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

எசெனம்